டைனோசார் ஜீப்பைப் பிடித்திருக்குமா?

சென்ற ஆண்டு ஒரு பள்ளியின் அறிவியல் மன்றத்தில் பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நியூட்டனின் இயக்க விதிகளைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு, "ஐயம் இருந்தால் கேளுங்கள்" என்றேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். "சார், ஜுராசிக் பார்க் படத்தில் டைனோசார் ஜீப்பைத் துரத்திக்கொண்டு ஓடுமே, உண்மையில் அதனால் அப்படி ஓட முடியுமா?" என்று கேட்டாள். கூடத்தில் ஒரே சிரிப்பு. "சினிமாவைப் பற்றிக் கேட்கிற இடமா இது?" என்று யாரோ சொன்னது என் காதிலும் விழுந்தது. அவள் சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். அதற்குள் மணி அடித்துவிட்டதால், என்னாலும் விரிவாக விடை கூற இயலவில்லை.

அந்தக் கேள்வி சிரிப்பதற்கு உரியது அன்று. அன்றைக்குக் கேட்கப்பட்ட கேள்விகளுள் மிகச் சிறந்த இயற்பியல் கேள்வி அதுதான். ஆராய்ச்சியாளர்கள் பலர் அதே கேள்வியை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டு, உலகப் புகழ் பெற்ற அறிவியல் இதழ்களில் முடிவுகளை வெளியிட்டிருக்கிறார்கள். அன்று நான் சொல்லாமல் விட்ட விடையை இங்கே சொல்கிறேன். இதற்குப் பெரிய கணிதம் எதுவும் வேண்டாம். உங்கள் பாடநூலில் உள்ள நெம்புகோலும், ஊசலும், வட்ட இயக்கமும் போதும்.

எலும்பு மட்டுமே சாட்சி

டைரனோசாரஸ் ரெக்ஸ் என்னும் டைனோசார் சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டது. அது நடந்ததைப் பார்த்தவர் இல்லை. அதன் குரலைக் கேட்டவரும் இல்லை. நமக்குக் கிடைத்திருப்பவை கல்லாக மாறிய எலும்புகள், பற்கள், சில தோல் பதிவுகள், சேற்றில் பதிந்து இறுகிய காலடித் தடங்கள் ஆகியவையே.

திரைப்படத்துக்கோ வீடியோ விளையாட்டுக்கோ ஒரு டைனோசாரை வடிவமைப்பவர் இந்த எலும்பிலிருந்துதான் தொடங்குகிறார். முதலில் எலும்புக்கூடு. அதன்மேல் தசை. தசையின்மேல் தோல். பிறகு நிறம், நடை, குரல். இந்தப் படிகளில் மேலே ஏற ஏறச் சான்று குறைந்துகொண்டும், கற்பனை கூடிக்கொண்டும் வரும். எலும்பின் நீளத்தை அளந்து பார்க்கலாம். தசையின் பருமனை, எலும்பில் தசை ஒட்டியிருந்த தழும்புகளைக் கொண்டு ஊகிக்கலாம். குரலுக்கோ நேரடிச் சான்று எதுவும் இல்லை. 1993-இல் வெளிவந்த ஜுராசிக் பார்க் படத்தில் நாம் கேட்ட அந்தக் கர்ஜனை, யானைக்குட்டி, புலி, முதலை ஆகியவற்றின் குரல்களைப் பதிவு செய்து கலந்து ஆக்கியதாகும்.

திரையில் பார்க்கும்போது எலும்பும் கர்ஜனையும் ஒரே உறுதியோடு நம்முன் நிற்கின்றன. எது சான்று, எது கற்பனை என்று எழுதி ஒட்டியிருப்பதில்லை. பிரித்துப் பார்க்கும் வேலை நம்முடையது. அதற்கு இயற்பியல் ஒரு நல்ல கருவி. ஏனெனில் விலங்கு அழிந்தாலும் புவியீர்ப்பு அழியவில்லை. அன்று டைனோசாரைக் கீழே இழுத்த அதே விசைதான் இன்று நம்மையும் இழுக்கிறது.

நிமிர்ந்து நின்ற காலம்

நான் பள்ளியில் படித்தபோது ஒரு நோட்டுப் புத்தகத்தின் அட்டையில் டைரனோசாரஸின் படத்தை வரைந்திருந்தேன். கங்காருவைப் போல உடலை நிமிர்த்தி, வாலைத் தரையில் ஊன்றி அது நிற்கும். புத்தகங்களிலும் பொம்மைகளிலும் அப்போது அப்படித்தான் இருந்தது. நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1915-இல் நிறுவப்பட்ட எலும்புக்கூடே அந்தத் தோற்றத்தில்தான் நின்றது. 1933-இல் வந்த கிங்காங் படத்தில் மாபெரும் குரங்கோடு மல்லுக்கு நின்ற டைனோசாரும் நிமிர்ந்தே நின்றது. 1954-இல் ஜப்பானில் எடுக்கப்பட்ட காட்ஜில்லா, பல டைனோசார்களின் உறுப்புகளைக் கலந்து படைத்த கற்பனைப் பூதம். அதன் உடைக்குள்ளே ஒரு மனிதர் நின்று நடித்தார். மனிதர் உள்ளே இருந்தால் பூதமும் நிமிர்ந்துதானே நிற்க வேண்டும்!

இந்தத் தோற்றம் சரியா? ஒரு சீசாப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவிலுள்ள அச்சின் இருபுறத்திலும் திருப்புத்திறன்கள் சமமானால் பலகை கிடையாக நிற்கும். டைனோசாரின் இடுப்பு மூட்டுதான் இங்கே அச்சு. முன்பக்கம் கனமான தலையும் மார்பும். பின்பக்கம் நீண்ட பருத்த வால். இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்தால், உடல் தரைக்கு ஏறத்தாழ இணையாக நிற்கும். ஈர்ப்பு மையம் பாதங்களுக்கு நேர்மேலே அமையும். அப்போது வாலைத் தரையில் ஊன்றவேண்டிய தேவையே இல்லை.

இதற்குச் சாட்சி உண்டா? உண்டு. காலடித் தடங்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அவற்றின் நடுவே வால் இழுபட்ட கோடு மிக அரிதாகவே காணப்படுகிறது. மேலும், நிமிர்ந்த தோற்றத்துக்கு வளைக்க வேண்டுமானால் வால் எலும்புகளை மூட்டிலிருந்து பெயர்த்தால்தான் முடியும். 1969-இல் ஜான் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அறிஞர் டைனோனைக்கஸ் என்னும் டைனோசாரை விவரித்தபோது, அதன் வால் விறைப்பாக நீண்டு, சமநிலைக் கோலாகப் பயன்பட்டதைக் காட்டினார். கழைக்கூத்தாடி கையில் பிடிக்கும் மூங்கிலைப் போன்றது அது. 1990-களில் நியூயார்க் எலும்புக்கூட்டையும் பிரித்து, உடல் கிடையாக இருக்கும்படி மாற்றி நிறுத்தினர்.

பொதுமக்களுக்கு இந்தச் செய்தியைக் கொண்டு சேர்த்தது எது தெரியுமா? பாடநூல் அன்று, ஜுராசிக் பார்க் படம்தான். வாலைத் தூக்கிப் பிடித்து, உடலைக் கிடையாக வைத்து அந்த டைனோசார் திரையில் நடந்து வந்தபோது, என் நோட்டு அட்டைப் படம் தவறு என்று எனக்குப் புரிந்தது. இதற்காக நாம் அப்படத்துக்கு நன்றி சொல்லவே வேண்டும்.

கோழியைப் பெரிதாக்கினால்

இப்போது ஓட்டத்துக்கு வருவோம். பறவைகள் டைனோசார்களின் வழித்தோன்றல்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆகவே, நம் வீட்டுக் கோழியையே எடுத்துக்கொள்வோம். அதன் நிறை 2 கிலோகிராம், இடுப்பின் உயரம் 20 சென்டிமீட்டர் என்று கொள்வோம். அதை எல்லாப் பக்கத்திலும் 15 மடங்கு பெரிதாக்கினால் என்ன ஆகும்?

இடுப்பின் உயரம் 3 மீட்டர் ஆகிவிடும். நிறை என்பது கன அளவைப் பொறுத்தது. ஆகவே அது 15 × 15 × 15 = 3375 மடங்கு கூடும். அதாவது 6750 கிலோகிராம். ஏறக்குறைய ஒரு டைரனோசாரஸின் நிறை!

ஆனால் தசையின் வலிமையும் எலும்பின் வலிமையும் கன அளவைப் பொறுத்தவை அல்ல; குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தவை. கயிற்றின் நீளம் கூடினால் வலிமை கூடுவதில்லை, பருமன் கூடினால்தான் கூடுகிறது. இதுவும் அப்படித்தான். குறுக்குவெட்டு 15 × 15 = 225 மடங்குதான் கூடும். சுமை 3375 மடங்கு, தாங்கும் வலிமை 225 மடங்கு. ஆகவே நம் பெரிய கோழியின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் எலும்பும், சிறிய கோழியின் எலும்பைவிட 15 மடங்கு அழுத்தத்தைத் தாங்கியாக வேண்டும். இந்தச் சிக்கலை முதலில் எடுத்துக் காட்டியவர் கலிலியோ. 1638-இல் வெளியான தம் நூலில் இதை அவர் விளக்கியிருக்கிறார்.

ஓடும்போது நிலைமை இன்னும் கடினமாகிறது. ஓட்டத்தில் இரு கால்களும் சற்று நேரம் தரையை விட்டு மேலே இருக்கும். திரும்பத் தரையில் ஊன்றும் ஒற்றைக் கால், உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசையைத் தாங்க வேண்டும். ஜான் ஹட்சின்சன், மரியானோ கார்சியா ஆகிய இருவர் 2002-இல் இதைக் கணக்கிட்டனர். டைரனோசாரஸ் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் ஓட வேண்டுமானால், அதன் உடல் நிறையில் சுமார் 86 விழுக்காடு கால் தசையாகவே இருந்திருக்க வேண்டும் என்று அவர்கள் கண்டனர். அப்படியானால் தலைக்கும் வயிற்றுக்கும் வாலுக்கும் மிச்சம் 14 விழுக்காடுதான்! அத்தகைய விலங்கு இருக்க முடியாது. மணிக்கு 40 கி.மீ. என்பதே அதிகபட்ச எல்லையாக இருக்கலாம் என்பது அவர்களது முடிவு.

காலே ஊசல்

நடைக்கும் ஒரு வேக வரம்பு உண்டு. அதை நீங்களே கண்டுபிடிக்கலாம். நடக்கும்போது நம் பாதம் தரையில் ஊன்றியிருக்க, இடுப்பு அதன்மேல் ஒரு வட்ட வில்லில் நகர்கிறது. தலைகீழாக நிறுத்திய ஊசல் போன்றது இது. வட்டத்தின் ஆரம் காலின் நீளமே. வட்டப் பாதையில் செல்லும் பொருளுக்கு மையநோக்கு விசை வேண்டும் என்பதைப் படித்திருக்கிறீர்கள். இங்கே அந்த விசையைத் தருவது புவியீர்ப்பு. வேகம் மிகுந்து, தேவைப்படும் மையநோக்கு முடுக்கம் 9.8-ஐத் தாண்டிவிட்டால், புவியீர்ப்பால் உடலை அந்த வட்டத்தில் பிடித்து வைக்க முடியாது. பாதம் தரையைவிட்டுக் கிளம்பிவிடும். அதாவது நடை, ஓட்டமாகிவிடும்.

ஆகவே நடையின் உச்ச வேகத்துக்கு விதி இது: வேகத்தின் வர்க்கம் = 9.8 × காலின் நீளம்.

உங்கள் காலின் நீளம் 0.8 மீட்டர் என்று கொண்டால், விடை விநாடிக்கு 2.8 மீட்டர், மணிக்குச் சுமார் 10 கி.மீ. நடைமுறையில் நாம் அதற்குச் சற்று முன்பே ஓடத் தொடங்கிவிடுகிறோம். டைரனோசாரஸுக்குக் கால் நீளம் 3 மீட்டர். 9.8 × 3 = 29.4. அதன் வர்க்கமூலம் 5.4. அதாவது மணிக்கு ஏறத்தாழ 19½ கி.மீ. கால் நீளமும் வேகமும் புவியீர்ப்பும் இவ்வாறு இணைந்திருப்பதைப் பயன்படுத்தி, கால் தடங்களின் இடைவெளியிலிருந்தே டைனோசார்களின் வேகத்தை மதிப்பிடும் வழியை 1976-இல் மெக்நீல் அலெக்சாண்டர் என்ற பிரிட்டிஷ் அறிஞர் வகுத்துத் தந்தார்.

2017-இல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், எலும்பு முறியாமல் தாங்கக்கூடிய அழுத்தத்தையும் சேர்த்துக் கணிப்பொறியில் கணக்கிட்டனர். டைரனோசாரஸ் ஓடியிருந்தால் கால் எலும்புகள் தாங்கியிரா. விரைந்து நடக்கத்தான் முடியும். அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 20 கி.மீ. என்று அவர்கள் கூறினர். நம் எளிய ஊசல் கணக்கு தந்த எண்ணோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்!

அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு இருப்பதையும் கவனித்திருப்பீர்கள். ஒருவர் 40 என்கிறார், இன்னொருவர் 20 என்கிறார். தசையின் அளவையும் மூட்டு வளைந்த கோணத்தையும் பற்றிய எடுகோள்கள் மாறும்போது விடையும் மாறுகிறது. ஆயினும் படத்தில் பூங்காவின் உரிமையாளர் பெருமையாகச் சொல்லும் மணிக்கு 32 மைல், அதாவது 51 கி.மீ., இந்த எல்லைகளுக்கு வெளியேதான் இருக்கிறது.

அவசரமில்லாமல் நடக்கும்போது எவ்வளவு வேகம்? 2021-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வாலைக் கொண்டு இதைக் கணித்தனர். நீண்ட வால் ஒவ்வோர் அடிக்கும் மேலும் கீழும் ஆடும். அதற்கென ஓர் இயல் அதிர்வெண் உண்டு. நடையின் தாளம் அந்த அதிர்வெண்ணோடு ஒத்துப்போனால் ஆற்றல் மிச்சமாகும். ஊஞ்சலை அதன் தாளத்துக்கேற்பத் தள்ளுவதைப் போல. அவ்வாறு கணக்கிட்டதில் கிடைத்த வேகம் விநாடிக்கு 1.28 மீட்டர்; மணிக்கு 4.6 கி.மீ. நீங்கள் பள்ளிக்கு நடந்து போகும் வேகம்தான்!

தடுக்கி விழுந்தால்

வேகத்தைவிட ஆபத்தானது விழுவது. மார்புப் பகுதி 1.5 மீட்டர் கீழே விழுவதாகக் கொள்வோம். தரையைத் தொடும் வேகம் விநாடிக்கு 5.4 மீட்டர். மண்ணும் சதையும் அமுங்கி, 25 சென்டிமீட்டர் தூரத்துக்குள் உடல் நின்றுவிடுகிறது என்போம். வேகத்தின் வர்க்கத்தை, நிற்கும் தூரத்தைப்போல் இருமடங்கால் வகுத்தால் எதிர்முடுக்கம் கிடைக்கும். அது 58.8, புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 6 மடங்கு. ஆறேழு டன் உடல் இத்தகைய அடியைத் தாங்குவது அரிது. தாங்கிக்கொள்ள உதவும் கைகளோ மிகச் சிறியவை. ஜேம்ஸ் பார்லோ என்பவரும் அவருடைய நண்பர்களும் 1995-இலேயே இந்த வாதத்தை எடுத்து வைத்தனர். வேகமாக ஓடி ஒருமுறை தடுக்கினாலே உயிருக்கு ஆபத்து என்றால், அவ்விலங்கு அப்படி ஓடியிருக்குமா என்பது அவர்களது கேள்வி.

கோயில் யானையைப் பாருங்கள். அதுவும் பல டன் எடையுள்ளது. அது குதிப்பதில்லை. விரைந்து செல்லும்போதும் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையைவிட்டு எழும்புவதில்லை. 2003-இல் தாய்லாந்து யானைகளை அளந்தபோது, அவற்றின் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 25 கி.மீ. என்று தெரிந்தது. மேலும், யானை தெருவில் வரும்போது நமக்குக் கேட்பது அதன் கழுத்து மணியின் ஓசைதான். காலடி ஓசை அன்று. பாதத்தின் அடியிலுள்ள மெத்தை போன்ற சதை ஓசையை விழுங்கிவிடுகிறது. டைனோசார்களின் தடங்களிலும் அத்தகைய சதைத் திட்டுகளின் பதிவு தெரிகிறது. ஆகவே படத்தில் "தொம், தொம்" என்று நிலம் அதிர வருகிற டைனோசார், உண்மையில் மெல்ல வந்து நின்றிருக்கவும் கூடும். இது எனக்கு இன்னும் அதிக அச்சத்தைத் தருகிறது!

எடையை எப்படிக் காட்டுகிறார்கள்?

இவ்வளவு குறை சொன்ன பிறகு, கலைஞர்களின் திறமையையும் சொல்ல வேண்டும். திரையில் தெரிவது வெறும் ஒளிதான். அதற்கு எடை கிடையாது. இருந்தும் ஏழு டன் விலங்கு நடப்பதாக நாம் நம்புகிறோம். எப்படி?

காட்ஜில்லா படத்தில் பூதத்தின் உயரம் 50 மீட்டர். உடை அணிந்த நடிகரின் உயரம் சுமார் 2 மீட்டர். ஆகவே டோக்கியோ நகரக் கட்டடங்களை 25-இல் ஒரு பங்கு அளவில் மாதிரியாகச் செய்தார்கள். இங்கே ஓர் இயற்பியல் சிக்கல் எழுகிறது. 50 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல் தரையை அடைய 3.2 விநாடி ஆகும். 2 மீட்டர் மாதிரிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழும் துண்டோ 0.64 விநாடியில் விழுந்துவிடும். ஐந்து மடங்கு விரைவு! அப்படியே படம் பிடித்தால் பொம்மை என்பது உடனே தெரிந்துவிடும். ஐந்து என்பது 25-இன் வர்க்கமூலம் என்பதைக் கவனியுங்கள். வழக்கமாக விநாடிக்கு 24 படங்கள் எடுக்கும் கேமராவை ஐந்து மடங்கு விரைவாக, அதாவது விநாடிக்கு 120 படங்களாக ஓட்டி எடுத்து, வழக்கமான வேகத்தில் திரையிட்டால், துண்டு 3.2 விநாடி எடுத்து விழும். கண் ஏமாந்துவிடும். சிறு மாதிரிகளைக் கொண்டு படம் எடுப்போர் பின்பற்றும் விதி இதுவே. பெரிய பொருள் மெதுவாக அசையும் என்று நம் கண்ணுக்குப் பழக்கம். ஊசல் நீளம் கூடினால் அலைவு நேரம் கூடுவதும் இதே காரணத்தால்தான்.

ஜுராசிக் பார்க் படக் குழுவினர் ஸ்டான் வின்ஸ்டன் தலைமையில் 12 மீட்டர் நீளமும் சுமார் 4 டன் எடையும் கொண்ட இயந்திர டைனோசாரைச் செய்தார்கள். நீர்ம அழுத்தத்தால் அதை இயக்கினர். மழைக் காட்சியின்போது அதன் நுரை ரப்பர்த் தோல் பஞ்சுபோல நீரை உறிஞ்சிக்கொண்டது. நிறை கூடியதும், பழைய நிறைக்கென அமைத்திருந்த கட்டுப்பாடு பொருந்தாமல், அது நடுங்கத் தொடங்கிவிட்டது. காட்சிக்குக் காட்சி துணியால் துடைத்தும், முடி உலர்த்தும் கருவிகளால் காய வைத்தும் சமாளித்தார்கள். நிறை மாறினால் இயக்கம் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல செய்முறை விளக்கம் வேண்டுமா?

டைனோசார் வருவதற்கு முன் தண்ணீர்க் குவளையில் வட்ட வட்டமாக அலை எழும்புமே, அந்தக் காட்சி நினைவிருக்கிறதா? அந்த ஒழுங்கான வட்டங்களைப் பெறுவது எளிதாக இல்லை. கடைசியில் குவளைக்கு அடியில் கித்தார்க் கம்பி ஒன்றைப் பொருத்தி, கீழே இருந்து அதை மீட்டினார்கள். கம்பியின் சீரான அதிர்வு நீரில் வட்ட அலைகளை எழுப்பியது. நாம் அஞ்சி நடுங்கியது ஓர் இசைக் கருவியின் கம்பிக்கு!

துரத்தும் காட்சிகளில் வந்தது கணிப்பொறியில் வரைந்த டைனோசார். கணிப்பொறியில் எலும்பு முறியாது, தசை களைக்காது. எந்த வேகம் கேட்டாலும் தரும். இயற்பியல் இட்ட தடை அங்கே இல்லை. அதனால்தான் நாம் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது.

கையிலுள்ள விளையாட்டில்

இணையத் தொடர்பு அறுந்துபோனால், குரோம் உலாவியில் சிறிய டைரனோசாரஸ் ஒன்று தோன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். 2014 முதல் அது ஓடிக்கொண்டும் குதித்துக்கொண்டும் இருக்கிறது. அது தாண்டும் கள்ளிச்செடிகள் சேர்ந்த சப்பாத்திக்கள்ளிக் குடும்பம், டைனோசார்கள் மறைந்து நெடுங்காலம் கழித்தே தோன்றியது. குதிப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விழுந்தால் என்ன ஆகும் என்று மேலே கணக்குப் போட்டுவிட்டோம்.

மற்ற விளையாட்டுகளில் இன்னொரு பிழையைக் காணலாம். நீங்கள் வலப்புறம் பாய்ந்தால் டைனோசாரும் கண்ணிமைக்கும் நேரத்தில் வலப்புறம் திரும்பிவிடும். உண்மையில் அவ்வாறு இயலாது. மீண்டும் நம் 15 மடங்கு கோழியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பொருளைச் சுழற்றுவதற்கு எதிரான தடை, அதாவது நிலைமத் திருப்புத்திறன், நிறையையும் தூரத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. அது 3375 × 225, அதாவது சுமார் 7½ லட்சம் மடங்கு கூடும். திருப்பும் தசையின் திறனோ 225 × 15 = 3375 மடங்குதான் கூடும். கோண முடுக்கம் 225 மடங்கு குறைந்துவிடும். ஆகவே திரும்புவதற்கு ஆகும் நேரம் 15 மடங்கு கூடும். சிறிய கோழி பத்தில் ஒரு விநாடியில் திரும்பினால் பெரிய கோழிக்கு ஒன்றரை விநாடி ஆகும். ஹட்சின்சன் குழுவினர் 2007-இல் செய்த நுட்பமான கணக்கிலும், டைரனோசாரஸ் 45 பாகை திரும்ப ஒன்று முதல் இரண்டு விநாடி ஆகியிருக்கும் என்றே தெரிந்தது. ஆகவே அதனிடம் மாட்டிக்கொண்டவர் நேராக ஓடுவதைவிட வளைந்து வளைந்து ஓடுவது மேல்!

சான்றைப் பின்பற்ற முயலும் விளையாட்டுகளும் உண்டு. சாரியன் என்ற விளையாட்டில் முதலில் டைரனோசாரஸுக்கு நிறைய இறகுகள் வைத்திருந்தார்கள். 2017-இல் அதன் தோல் பதிவுகளில் செதில்களே காணப்படுகின்றன என்று ஆய்வு வெளிவந்தபின், அந்த வடிவத்தை மாற்றினார்கள். சான்று மாறும்போது படத்தையும் மாற்றுவது நல்ல அறிவியல் வழக்கம்.

ஒரு பிழை போக, ஒரு பிழை வர

ஒரே படம் ஒரு பிழையைத் திருத்திவிட்டு, இன்னொரு பிழையை ஊன்றிவிடவும் கூடும். ஜுராசிக் பார்க் படத்தில் சமையலறைக்குள் சிறுவர்களைத் தேடி வரும் வெலாசிராப்டர்கள் மனித உயரம் உடையவை. உண்மையான வெலாசிராப்டரின் நீளம் வால் உட்படச் சுமார் 2 மீட்டர். நிறை சுமார் 15 கிலோகிராம். இடுப்பு உயரம் அரை மீட்டர். வான்கோழியைப் போன்றது என்று சொல்லலாம். வடிவமைப்பாளர்கள் முன்மாதிரியாகக் கொண்டது அதைவிடப் பெரிய டைனோனைக்கஸை, அதையும் பெரிதாக்கினார்கள்.

அன்றி, படத்தில் அவற்றின் உடல் பல்லியைப் போல் வழவழவென்று இருந்தது. 1996-இல் சீனாவில் இறகு போன்ற இழைகளுடன் கூடிய சைனோசாராப்டெரிக்ஸ் புதைபடிவம் அறிவிக்கப்பட்டது. 2007-இல் வெலாசிராப்டரின் முன்கை எலும்பிலேயே இறகுகள் பொருந்தியிருந்த புடைப்புகளைக் கண்டுபிடித்தனர். ஆயினும் 2015-இல் வந்த ஜுராசிக் வேர்ல்டு படத்திலும் வெலாசிராப்டர்கள் இறகின்றியே வந்தன. மக்கள் மனத்தில் முதலில் பதிந்த உருவத்தை மாற்றுவது அவ்வளவு கடினம். 1993-இல் படம் எடுத்தவர்களைக் குறை கூற முடியாது. அவர்களுக்கு அந்தச் சான்று கிடைத்திருக்கவில்லை. சான்று கிடைத்த பிறகும் நாம் பழைய உருவத்தையே பற்றிக்கொண்டிருந்தால், குறை நம்முடையது.

நீங்களே செய்து பாருங்கள்

1. இடுப்பு மூட்டிலிருந்து தரை வரை உங்கள் கால் நீளத்தை மீட்டரில் அளந்துகொள்ளுங்கள். மேலே தந்த விதிப்படி உங்கள் நடையின் உச்ச வேகத்தைக் கணக்கிடுங்கள். மைதானத்தில் 20 மீட்டர் குறித்துக்கொண்டு, ஓடாமல் எவ்வளவு விரைவாக நடக்க முடிகிறது என்று கைக்கடிகாரத்தால் பாருங்கள். உங்கள் தம்பி தங்கையையும் நடக்கச் சொல்லி ஒப்பிடுங்கள்.

2. நூலில் கல்லைக் கட்டி 25 சென்டிமீட்டர், 1 மீட்டர் நீளங்களில் இரண்டு ஊசல்கள் செய்யுங்கள். நீளம் நான்கு மடங்கானால் அலைவு நேரம் இரு மடங்காவதைக் காண்பீர்கள்.

3. அடுத்த முறை டைனோசார் படம் பார்க்கும்போது ஒரு காட்சியைத் தேர்ந்துகொண்டு, "எலும்பு சொல்வது", "இயற்பியல் அனுமதிப்பது", "கலைஞர் சேர்த்தது" என்று மூன்று பட்டியல் போடுங்கள்.

இனி அந்த மாணவிக்கு விடை. இல்லை அம்மா, ஜீப் ஒழுங்காகக் கிளம்பியிருந்தால் அந்த டைனோசாரால் அதைப் பிடித்திருக்க முடியாது. ஜீப் பழுதாகி, ஆட்கள் இறங்கி ஓடியிருந்தால், அது வேறு கணக்கு, 20 கி.மீ. வேகம் உங்கள் ஓட்டத்துக்கு மிக நெருக்கமானது. சிரித்தவர்களிடம் இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் மறுபடியும் எழுந்து கேளுங்கள்.